அடுப்பை அணைத்தது யார்

மலையடிவாரத்தில், எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டி, மூன்று அறையும் ஒரு சின்ன ஜெபக்கூடமுமாக ஓர் ஆசிரமம் இருந்தது. சகாயராணி அம்மா அங்கே தனியாக இருந்தார். நாற்பத்தொரு வயது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுக்கொண்டு இங்கே வந்து தங்கிவிட்டவர். சுற்றுப்பட்ட ஊர்களில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவரிடம் கேள்வியோடு போனால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும்.

பாக்கியநாதனுக்கு அது நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக மாதம் ஒருமுறை அங்கே போய் வந்தவர் அவர். வயதில் அம்மாவைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். ஆற்றங்கரை ஊரான மணல்மேட்டூரில் கோயில் உபதேசியார். அந்த ஊருக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பாக்கியநாதன்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் உங்ககூடத்தான் இருக்கார்" என்பார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வந்த வார்த்தை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அவருடைய ஒரே மகன் நிக்சன் கூட்டாளிகளோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனான். பதினேழு வயது. பிழைத்துத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பாக்கியநாதன் ஜெபம் நடத்தவில்லை. தனியாக இருக்கும்போதும், 'ஆண்டவரே, நீர்' என்று தொடங்கி ஜெபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கும்போது சட்டை போடாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார். மனைவி பிலோமி ஒன்றும் சொல்ல மாட்டாள். இருவருக்குள்ளும் பேச்சே அற்றுப்போயிருந்தது. சோறு வைக்கவா, வை என்ற அளவில் நாட்கள் நகர்ந்தன.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் மலையடிவாரத்துக்குப் பஸ் ஏறினார்.

அம்மா தோட்டத்தில் குத்தவைத்து, ஓட்டை விழுந்த ரப்பர் குழாயில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க உபதேசியாரே."

"அந்தப் பேரு இனி எனக்கு வேண்டாம்மா. வேற ஆள் பாக்கச் சொல்லிச் சாமியார்கிட்ட சொல்லிட்டேன்."

அம்மா குழாயின் ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்தார். "இதை இறுக்கிப் பிடிங்க."

பிடித்தார்.

"ஒரு கேள்வி கேக்கத்தான் வந்தேன்."

"கேளுங்க."

"எத்தனையோ வீட்ல போய், ஆண்டவர் உங்ககூட இருக்கார்னு சொல்லியிருக்கேன். என் வீட்ல சாவு விழுந்த அன்னைக்கு அவர் எங்கம்மா இருந்தார்?"

அம்மா கட்டுக்கம்பியை முறுக்கினார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சேதி வந்தப்ப உங்க வீட்ல அவங்க என்ன செஞ்சிட்டிருந்தாங்க?"

"பிலோமியா? சமையல்."

"என்ன சமையல்?"

பாக்கியநாதனுக்குச் சுருக்கென்றது. "அதைக் கேக்கவாம்மா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

"என்ன சமையல்?"

"சோறு. புளிக்குழம்பு."

"அடுப்பை அணைச்சிட்டு ஓடுனீங்களா?"

அவர் யோசித்தார். நிக்சனின் கூட்டாளி ஒருவன் ஈரத் துணியோடு வாசலில் வந்து கத்தியது ஞாபகம் வந்தது. பிலோமி அடுப்படியிலிருந்து அப்படியே ஓடினாள். செருப்புக்கூடப் போடாமல் அவர் பின்னால் ஓடினார்.

"இல்ல. அணைக்கல."

"எப்ப வீடு திரும்புனீங்க?"

"மறுநாள் மத்தியானம். அவனைத் தூக்கிட்டு."

"வீடு எரிஞ்சு கெடந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அடுப்பை யார் அணைச்சா?"

அந்த ஒரு நாளைப் பாக்கியநாதன் ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஆறு வரும், கரை வரும், ஆஸ்பத்திரி வராந்தா வரும், பெட்டி வரும். அடுப்பு ஒருமுறையும் வந்ததில்லை.

"தெரியாதும்மா."

"கேட்டுட்டு வாங்க."

"இதுதான் நான் கேட்டதுக்குப் பதிலா?"

"பதில் எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே." அம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "கஞ்சி இருக்கு. குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடிக்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். வழியெல்லாம் மனசு கொதித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் முள் தைத்தது தைத்ததுதான். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பிலோமி அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு அடுப்பை அணைச்சது யாரு?"

அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"நீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீன்னு நெனச்சேன்."

"நான் கரண்டியோட ஓடினேன். ஆத்தங்கரையில யாரோ என் கையிலருந்து வாங்கினாங்க." பிலோமி அரிசி களைந்த தண்ணீரை வடித்தாள். "எதுக்குக் கேக்கீங்க?"

"மலையடிவாரத்து அம்மா கேட்டாங்க."

ஏழு மாதத்தில் அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு லூர்துசாமியிடம் போனார். சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. வாசலில் வலை பின்னல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அடுப்பா? எனக்கென்ன தெரியும்? நான்தான் உன்கூடவே ஓடியாந்தேனே."

"நீ வந்தியா?"

லூர்துசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஏலே, ஆத்துல குதிக்கப் போன உன்னை இடுப்போட கட்டிப் பிடிச்சிட்டு நின்னது யாருன்னு நெனச்ச? ரெண்டு மணி நேரம். மறுநாள் எனக்குக் கையே தூக்க முடியல."

பாக்கியநாதன் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கரையில் தன்னால் ஓர் அடி முன்னால் வைக்க முடியாமல் போனது அவருக்கு நினைவிருந்தது. தன் காலே தன்னைக் கைவிட்டுவிட்டது, தான் கோழை, பிள்ளைக்காகத் தண்ணீரில் இறங்காத தகப்பன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"நீயா?" என்றார் மறுபடியும்.

பேச்சுச் சத்தம் கேட்டு லூர்துசாமியின் மனைவி அன்னம்மாள் வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கன்னத்தில் கை வைத்தாள்.

"அண்ணே, உங்க முன்வாசலைப் பூட்டுனது நான்தான். தொறந்து போட்டுட்டு ஓடுறாங்களேன்னு பூட்டி, சாவிய முந்தானையில முடிஞ்சிக்கிட்டு நானும் ஆத்துக்கு வந்தேன். அடுப்பு எரியுதுன்னு எனக்குத் தோணல. சாயந்திரம் வந்து தொறந்தா அடுப்படி சுத்தமா இருக்கு. பானை சட்டியெல்லாம் கழுவிக் கவுத்தியிருக்கு." சொல்லச் சொல்ல அவள் குரல் தணிந்தது. "பூட்டின வீடு! உள்ள யாரு வந்திருக்க முடியும்?" சட்டென்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "மாதாவேதான் வந்திருக்காங்க அண்ணே! பூட்டின வீட்டுக்குள்ள மாதாவே வந்து அணைச்சிருக்காங்க!"

பாக்கியநாதனின் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. அப்படித்தானோ என்று ஒரு நொடி அவர் நெஞ்சு தவித்தது.

"மாதா சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்களா?"

திரும்பிப் பார்த்தார்கள். பிலோமி தெருவில் நின்றிருந்தாள். எப்போது பின்னால் வந்தாள் என்று தெரியவில்லை.

"சோத்துப் பானை கழுத்துல சாம்பல் ஒட்டியிருந்திச்சு. நம்ம தெருவுல இப்ப சாம்பல் யாரு வச்சிருக்கா? எல்லாருக்கும் கேஸ் வந்தாச்சு. பின்னால ஒரு வீட்லதான் இன்னும் விறகடுப்பு."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றார் பாக்கியநாதன்.

"நீங்க கேக்கல."

பின்வீடு யாருடையது என்று அங்கே இருந்த நால்வருக்கும் தெரியும். அது பேச்சியம்மாளின் வீடு. விதவை. அறுபதைத் தொட்டவள். அவளுடைய துவைகல் தண்ணீர் பாக்கியநாதனின் கொல்லைக்குள் வருகிறதென்று நான்கு வருஷத்துக்கு முன்னால் சண்டை வந்தது. பெரிய வார்த்தைகள் இரண்டு பக்கமும் விழுந்தன. பாக்கியநாதன் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். அதன் மேல் வரிசையாகக் கண்ணாடிச் சில்லு பதித்தார். அன்றோடு பேச்சு முறிந்தது.

இன்னொன்றும் அவருக்கு நினைவு வந்தது. மகனை அடக்கம் செய்து கொஞ்ச நாளில் பேச்சியம்மாள் தெருவில் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். இவளுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார் ஆண்டவர் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அவரும் பிலோமியும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து தென்னோலையில் ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

"இருங்க, இருங்க" என்றாள் பிலோமி. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "அன்னைக்கு எங்க வீட்டு அடுப்பை அணைச்சது நீங்கதானே?"

பேச்சியம்மாள் பாக்கியநாதனைப் பார்த்தாள். மறுபடி வழக்குக்கு வந்திருக்கிறாரோ என்று பயந்தவள்போல இருந்தது அவள் பார்வை.

"தெருவே ஆத்துக்கு ஓடிச்சு. நானும் கெளம்பினேன். உங்க வீட்டுப் பக்கமிருந்து கருகல் வாடை. முன்வாசல்ல பாத்தா பூட்டு. பின்வாசல் தொறந்துதான் கெடந்திச்சு. நடுவுல சுவரு."

"மேல கண்ணாடி இருக்கே" என்றார் பாக்கியநாதன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சாக்கை நாலா மடிச்சுப் போட்டேன். ஏறிட்டேன். அந்தப் பக்கம் எறங்கையிலதான் கால் பெரண்டுட்டு." முழங்காலைத் தடவிக்கொண்டாள். "அடுப்ப அணைச்சேன். சோறு அடிப்பிடிச்சுக் கரியாக் கெடந்திச்சு. அப்படியே விட்டுட்டு வர மனசு வரல. அப்ப இன்னும் தேடிக்கிட்டுத்தானே இருந்தாங்க. தம்பி கெடச்சு, வீட்டுக்கு வந்து, பசிக்குதும்மான்னு நின்னா? பானை இந்தக் கோலத்துல கெடந்தா அவ எப்படி உலை வைப்பான்னு தேய்ச்சு வச்சேன்."

பிலோமி நடுவில் கிடந்த ஓலையை ஒதுக்கிவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"மழை தூத்திச்சு. கொடியில தம்பி சட்டை கெடந்திச்சு. கோடு போட்டது. எடுத்து மடிச்சுக் கட்டில்மேல வச்சேன். அதுக்குள்ள முன்னால பூட்டுத் தொறக்கிற சத்தம். பகைக்காரி உள்ள நிக்கிறதப் பாத்தா என்ன நெனைப்பாங்க? வந்த வழியே ஏறிட்டேன்."

பிலோமி அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கோடு போட்ட சட்டையத்தான் அவனுக்குப் போட்டு அனுப்பினோம்" என்றாள். "கட்டில்மேல இருந்திச்சு. நான்தான் மடிச்சு வச்சேன்போலன்னு நெனச்சேன்."

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாக்கியநாதன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரத் தோன்றவில்லை அவருக்கு. இவ்வளவு நாளும் இந்த மனுஷி சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறாள். நொண்டிக்கொண்டே தண்ணீர் எடுத்திருக்கிறாள், நொண்டிக்கொண்டே கடைக்குப் போயிருக்கிறாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"ஏம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எதைச் சொல்ல ஐயா?" என்றாள் பேச்சியம்மாள். "பெத்த பிள்ளைய வாரிக் கொடுத்துட்டு நிக்கீங்க. அடுப்ப அணைச்சேன்னு வந்து சொல்லச் சொல்லுதீங்களா?"

மறுநாள் காலையில் பிலோமி கொல்லைக்குப் போனாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு கருங்கல்லால் சுவர்மேலிருந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். உடைக்க உடைக்க அழுகை வந்தது. அடக்கத்தன்றுகூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை. பாக்கியநாதன் வாளியை எடுத்து வந்து, விழுந்த சில்லுகளைப் பொறுக்கினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியம்மாள், "கையப் பாத்து, கையப் பாத்து" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் அவர் மலையடிவாரத்துக்குப் போனார்.

அம்மா ஜெபக்கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். பாக்கியநாதன் கீழ்ப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரு இடத்திலும் அம்மா குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தம்மா முழங்காலுக்கு என்ன வைத்தியம் பாக்குறாங்க?"

"முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். சவ்வு கிழிஞ்சிருக்காம். பிலோமிதான் கூட இருந்து பாத்துக்கிறா."

அம்மா தலையசைத்தார். "ஏழு மாசம் அந்தக் காலோட நடந்திருக்காங்க" என்றார். எழுந்து ஜெபக்கூடத்துச் சிலுவையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

பாக்கியநாதனும் அந்தப் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான், கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் இருந்தார். கேட்கச் சொன்னதைக் கேட்டாயிற்று. வீட்டில் பேச்சும் திரும்பிவிட்டது. மனசு லேசாகியிருந்தது என்றுகூட நினைத்தார். ஆனால் கும்பிடத் தூக்கிய கையை அப்படியே கீழே போட்டார்.

"ஆனா எனக்கு ஆறலம்மா" என்றார். "ஆறவே இல்ல. ஒரு வயசான மனுஷிய கண்ணாடிச் சில்லுமேல ஏத்தி, அடுப்பை அணைக்க வைக்கத் தெரிஞ்சவருக்கு, ஆத்துக்கு ஒரு ஆள அனுப்பத் தெரியலையா? வீடு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுது. பானை கருகினாக் கருகிட்டுப் போகுது. பிள்ளைய விட்டுட்டுப் பானையையா காப்பாத்துறது?"

அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. தோட்டத்தில் மேய்ந்த பசு தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அவன் ஒருத்தன்தானே எனக்கு? கரையில என்னைக் கட்டிப் பிடிக்க லூர்துசாமிக்குக் கை கொடுத்தீர். தண்ணிக்குள்ள அவனைப் பிடிக்க ஒரு கை இல்லாமப் போச்சா உமக்கு? அவன் கூப்பிட்டிருப்பான்ல, கேக்கலையா உமக்கு? இருபத்திரண்டு வருஷம் உம்ம பேரைத்தானே சொன்னேன். எங்க போயிருந்தீர்? சொல்லும்! இப்பச் சொல்லும்!"

மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கண்ணீர். தான் எழுந்து நின்றுவிட்டதும், கையை நீட்டிப் பேசியதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெல்ல மறுபடி படியில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. உங்ககிட்டப் போய்க் கத்திட்டேன்."

அம்மாவின் கண்களும் கலங்கியிருந்தன. அவர் கீழே இறங்கி வந்து, பாக்கியநாதன் உட்கார்ந்திருந்த அதே படியில் உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷத்துல நீங்க என்னை ஒரு தடவைகூட 'நீர்'னு சொன்னதில்லையே, உபதேசியாரே" என்றார்.